இரண்டு மணி நேரம், வாராவாரம்

கேட்டிருந்தது இது: "எங்களுடையது சின்ன ஊர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எங்களுக்குத் தெரிந்தே ஐந்து இருக்கின்றன. நாங்கள் ஆறு பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், வங்கி ஊழியர் ஒருவர், வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் இருவர், ஒரு கல்லூரி மாணவர். அந்தக் குடும்பங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது. யாருக்கும் பயிற்சி கிடையாது, பெரிய பணமும் இல்லை. பயிற்சி எடுத்துத் தெரபி கொடுக்கலாமா, மையம் தொடங்கலாமா, எதிலிருந்து ஆரம்பிப்பது?"

மையம் வேண்டாம். தெரபியும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு வீட்டில் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், அந்த அம்மா தன் வேலையைப் பார்க்கும்படி பிள்ளையோடு இருங்கள். அதே கிழமை, அதே நேரம், அதே ஆள். ஆறு மாதம் விடாமல் செய்யுங்கள். என் பதில் இதுதான். இதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில், 2013இலிருந்து பெற்றோரும் அக்கம்பக்கத்தாருமாகச் சேர்ந்து இந்த வேலையைச் செய்துவருகிறோம். தொடங்கும்போது நாங்களும் மையம்தான் தொடங்கினோம். ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னறையை வாடகைக்குப் பிடித்து, சனிக்கிழமைதோறும் வகுப்பு வைத்தோம். எட்டு மாதத்தில் நிறுத்திவிட்டோம். பிள்ளையை வெளியே அழைத்து வர முடிந்த அம்மாக்கள் மட்டும்தான் வந்தார்கள். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்களால் வீட்டு வாசலைத் தாண்டவே முடியவில்லை. அதற்கப்புறம்தான் நாங்கள் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தோம்.

அப்படிப் போன முதல் வீட்டைச் சொல்கிறேன். ஆறு வயசுப் பையன், பேச்சு இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர், பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். எங்கள் குழுவில் தையல் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வியாழக்கிழமை சாயங்காலம் போவதாக ஏற்பாடு. முதல் மூன்று வாரம் அவர் சுவரோரம் உட்கார்ந்து புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பையன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எவர்சில்வர் டப்பா மூடியைத் தரையில் சுழற்றிவிடுவான். அது ஓயும்போது படபடவென்று ஒரு சத்தம் வருமே, அதைத் தரையில் காது வைத்துக் கேட்பான். மறுபடி சுழற்றுவான். நாலாவது வாரம் அக்காவும் ஒரு மூடியை எடுத்துச் சுழற்றிவிட்டு, அவனைப் போலவே தரையில் காது வைத்துக் கேட்டார். பையன் மூடியைப் பார்த்தான், அக்காவின் கையைப் பார்த்தான். அந்தக் கையைப் பிடித்து இழுத்து மூடியின் மேல் வைத்தான். இன்னொரு தடவை சுத்து என்று கேட்கிறான்.

வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் அம்மா, "அக்கா, நான் போயி தலைக்கு ஊத்திட்டு வரட்டா?" என்று கேட்டார். வெளியே எங்கும் போகவில்லை. குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "கதவச் சாத்திக் குளிச்சு நாலு வருசம் ஆச்சுக்கா."

மையம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்களிடம் எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். டாக்டர் சொல்கிறார், தெரபிஸ்ட் சொல்கிறார், மாமியார் சொல்கிறார், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரும் சொல்கிறார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் போய்வா என்று சொல்கிறவர்தான் கிடைப்பதில்லை. தெரபிக்கு மதுரைக்குப் போய்வர எங்கள் பக்கத்து அம்மாக்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். பஸ், சாப்பாடு, கட்டணம் என்று ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. இரவில் தூங்காத பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு, அவர்களோடு அம்மாவும் விழித்திருக்க வேண்டும். இதில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ அறிவுரை சொல்லும் ஆளாக நீங்கள் போய் நிற்க வேண்டாம்.

ஆனால் பயிற்சி இல்லாதவர்கள் போய் உட்கார்ந்தால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையின் கவனம் எதில் இருக்கிறதோ அதில் நாமும் போய்ச் சேர்வது, அவன் ஒன்றைத் தொடங்கினால் உடனே பதில் கொடுப்பது, அடுத்தது அவன் செய்யட்டும் என்று காத்திருப்பது. அந்த அக்கா அன்று செய்தது இதைத்தான். கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவுகள் 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தன. தெரபி பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு மாதத்தில் 12 அமர்வுகள் பெற்றோரோடு உட்கார வைத்தார்கள். பிள்ளையின் போக்குக்கு ஏற்பப் பதில் கொடுப்பதைப் பெற்றோர் கற்றுக்கொண்டார்கள், பிள்ளைகள் தாங்களாகவே பேச்சையோ சைகையையோ தொடங்குவது கூடியது. உலக சுகாதார நிறுவனமும் 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. 9 குழு அமர்வுகள், 3 வீட்டுச் சந்திப்புகள், நடத்துவதற்கு நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு வருடம் வீடுகளுக்குப் போய்ப் பழகிய பிறகு உங்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம் போகலாம். அவசரம் வேண்டாம்.

சரி, முதல் நாள் என்ன செய்வது? போவதற்கு முன் அம்மாவோடு அரை மணி நேரம் போனில் பேசுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். நாங்கள் கேட்பது இவைதான். தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பான்? பாத்ரூம் போக வேண்டுமென்றால் என்ன செய்வான்? எந்தச் சத்தம் ஆகாது? மிக்ஸியா, குக்கர் விசிலா, பிரஷர் ஹாரனா? என்ன சாப்பிடுவான், எதைத் தொடவே மாட்டான்? கோபம் வருவதற்கு முன்னால் என்ன தெரியும்? கடைசியாக, கதவு திறந்திருந்தால் எந்தப் பக்கம் ஓடுவான்? அந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லா அம்மாக்களிடமும் உடனே பதில் இருக்கும்.

முதல் சில வாரங்கள் பிள்ளையிடம் கேள்வி கேட்காதீர்கள். "உன் பேர் என்ன, ஒண்ணு ரெண்டு சொல்லு, மாமாவுக்கு டாட்டா சொல்லு" எல்லாம் வேண்டாம். முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்க்க வைக்காதீர்கள். ஆசையாகத் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளுவது நம் ஊர்ப் பழக்கம், இந்தப் பிள்ளைகள் பலருக்கு அது தாங்காது. குறைவாகப் பேசுங்கள், சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பேசிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் ஏழாவது எண்ணில் வரும் பிள்ளைகள் உண்டு. நாம் மூன்றிலேயே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். நேரம் முடிகிறது என்றால் அதையும் முன்கூட்டியே காட்டுங்கள். எங்கள் தையல் அக்கா கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கத்திரிக்கோலை உறையில் போடுவார். இரண்டு மாதத்தில் கத்திரிக்கோல் உறைக்குள் போனதும் பையனே செருப்பை எடுத்து வாசலில் வைக்க ஆரம்பித்தான்.

பிள்ளை கத்தி, தரையில் விழுந்து, தலையை மோதிக்கொள்ளும் நேரம் ஒன்று நிச்சயம் வரும். அடம் என்று நினைத்து அதட்ட வேண்டாம். பொம்மைக்காக அடம்பிடிக்கிற பிள்ளை இடையில் நம் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கும். இது அப்படியில்லை. சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் தாங்காமல் போய்விடுகிறது. அந்த நேரத்தில் நாம் பேசப் பேச அது கூடும். டிவியை, விளக்கை அணையுங்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களை அனுப்புங்கள், தலைக்குக் கீழே தலையணை வையுங்கள், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அடங்கும். அடங்கிய பிறகு தண்ணீர் கொடுங்கள். "ஏண்டா இப்படிப் பண்ணுன?" என்று விசாரிக்க வேண்டாம். நோட்டில் மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம். நாலைந்து குறிப்பு சேர்ந்ததும் காரணம் தெரிய ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளைக்குத் தினமும் சாயங்காலம் ஐந்தே காலுக்கு இப்படி ஆகும். நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும் நேரம் அது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னோம். பிள்ளை கடைத்தெருவுக்கு நடைபோகும் நேரத்தில் மோட்டார் போடுகிறேன் என்றார். அவருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஓடிப்போவதைப் பற்றி. எல்லாவற்றையும்விட அவசரமான விஷயம் இது. நடுவில் எழுதியிருப்பதால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நாலு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ பாதுகாப்பை மீறி வெளியேற முயன்றிருந்தார்கள். பலருக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு ஈர்ப்பு. நம் ஊர்களில் மூடாத கிணறு, கண்மாய், கல்குவாரிப் பள்ளம், சம்ப் தொட்டி எல்லாம் இருக்கின்றன. ஆகவே நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து முதல் மாதத்திலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்த ஐந்து வீடுகளைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு நடந்து பார்த்து, எங்கெங்கே தண்ணீர் இருக்கிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். தெருமுனை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், ரேஷன் கடை, கோயில் பூசாரி, பள்ளிவாசல், சர்ச் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒருவருக்குப் பிள்ளையை நேரில் அறிமுகப்படுத்துங்கள். பெற்றோர் சம்மதத்தோடு, பெற்றோரையும் கூட அழைத்துக்கொண்டு. "இவன் கூப்பிட்டாத் திரும்ப மாட்டான், பேர் சொல்ல மாட்டான், தனியாப் பார்த்தா கையைப் பிடிச்சு நிறுத்திட்டு இந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சட்டையின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துக்கொடுங்கள். ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டினால் பாதிப் பிள்ளைகள் கழற்றி எறிந்துவிடுவார்கள். காணவில்லை என்று போன் வந்தால் முதலில் தெருவில் தேட வேண்டாம். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள், தெருவை அப்புறம் பார்க்கலாம். எங்கள் ஊரில் இரண்டு தடவை ஆட்டோக்காரர்கள்தான் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அடுத்து, உங்களைப் பற்றியும் குடும்பம் பயமில்லாமல் இருக்க வேண்டும். நடந்ததை வாயால் சொல்ல முடியாத பிள்ளை, புதிதாக வீட்டுக்குள் வரும் ஆள். பெற்றோருக்குத் தயக்கம் இருப்பது நியாயம். அதை நீங்களே முதலில் பேசிவிடுங்கள். எங்கள் குழுவில் இப்போதெல்லாம் புது வீட்டுக்கு முதல் மூன்று மாதம் எப்போதும் இரண்டு பேராகத்தான் போவோம், அதில் ஒருவராவது பெண். அறைக் கதவைச் சாத்துவதில்லை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது வீட்டார் வேலை. அடிப்பது, கட்டிப்போடுவது, சாப்பாட்டை நிறுத்தி மிரட்டுவது, இதெல்லாம் யார் செய்தாலும் அன்றோடு அவர் வரக்கூடாது. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் மூடி மறைக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 எல்லா வீட்டு நோட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கும். அப்புறம், போட்டோ எடுக்கக் கூடாது. உதவி செய்ததைக் காட்டும் படத்தில் அந்தப் பிள்ளையின் முகம் வந்துவிடுகிறது. பத்து வருடம் கழித்தும் அது எங்காவது சுற்றிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் 2 ஆட்டிசம் விழிப்புணர்வு நாளில் நீல பலூனோடு ஊர்வலம் போவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் பிள்ளைகளை வெயிலில் மேடையில் வரிசையாக நிறுத்தி, மைக் அலற, பொன்னாடை போர்த்துவதை நான் பார்த்திருக்கிறேன். அதில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற பிள்ளையின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதைச் செய்யாதீர்கள்.

முடிவெட்டுவது ஒரு பெரிய பிரச்சினை, எல்லா வீட்டிலும். கிளிப்பரின் ரீங்காரம், கழுத்தில் குத்தும் முடித்துணுக்கு, முகத்தில் அடிக்கும் தண்ணீர், கண்ணாடியில் தெரியும் கூட்டம். நாலு பேர் பிடித்து அமுக்கி வெட்டுவார்கள். அல்லது பிள்ளை தூங்கும்போது அம்மா ராத்திரியில் திருட்டுத்தனமாக வெட்டுவார். எங்கள் கடைத்தெருவில் ஒரு சலூன்காரத் தம்பியிடம் போய்ப் பேசினோம். செவ்வாய்க்கிழமை சலூன் லீவு. "செவ்வாய்க்கிழமை காலைல பாதி ஷட்டர் தூக்கி வைக்கிறேன், யாரும் வர மாட்டாங்க, கூட்டிட்டு வாங்கக்கா" என்றார். முதல் செவ்வாய் பிள்ளை நாற்காலியில் ஏறி இறங்கியதோடு சரி. இரண்டாவது செவ்வாய் வெறும் துண்டைப் போர்த்தி எடுத்தோம். மூன்றாவது செவ்வாய் சீப்பு. கத்திரிக்கோல் ஆறாவது வாரம்தான் வந்தது, அதுவும் அப்பாவின் தலையில் முதலில். எட்டாவது வாரம் காதைச் சுற்றி வெட்டி முடித்தபோது அந்தத் தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. காசு வாங்க மாட்டேன் என்றார், நாங்கள் விடவில்லை. ஆறு வருடமாக அந்தச் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. இப்போது பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். பல் டாக்டரிடமும் இதே முறையில் ஒருவரைப் பழக்கிவைத்திருக்கிறோம். உங்கள் வங்கி ஊழியரால் எல்லா வாரமும் வீட்டுக்குப் போக முடியாவிட்டால் இந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும். கடைக்காரர்களிடம் பேசுவதற்கு அவர் பொருத்தமானவர்.

இன்னொன்றும் அவருக்கு வைத்திருக்கிறேன்: பேப்பர் வேலை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாவால் கியூவில் நிற்க முடியாது, ஆகவே கிடைக்க வேண்டியதே பலருக்குக் கிடைப்பதில்லை. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று இருக்கும், குழம்ப வேண்டாம். முதலில் அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றிதழ். அங்கே ஆட்டிசத்தை அளக்கும் 'ஐசா' என்கிற இந்திய அளவுகோலில் 40 கேள்விகள் உண்டு. மொத்த மதிப்பெண் 70ஐத் தொட்டால் ஆட்டிசம், 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். பரிசோதிக்கும் அறையில் பிள்ளை அன்று அமைதியாக இருந்துவிட்டால் மதிப்பெண் குறைவாக விழும். அதனால் உங்கள் நோட்டைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், அங்கே அது ரொம்பப் பயன்படும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால வரம்போடு தருவார்கள், முடியும் தேதியைக் குறித்துவையுங்கள். சான்றிதழோடு மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி. பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு. அது 2023இலிருந்து மாதம் 2,000 ரூபாய், பாதிப்பின் அளவைப் பார்த்துத் தருவார்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள், மருத்துவமனையில் படுக்காமல் எடுக்கும் தெரபிக்கும் ஓர் அளவு வரை பணம் வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். ஒருவர் காலண்டரில் குறித்துவைத்து ஐந்து வீட்டுக்கும் போன் பண்ணினாலே பெரிய உதவி.

பள்ளி விஷயம் ஆசிரியர்கள் இருவருக்கும். 6 வயது முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் உரிமையை அந்த 2016ஆம் வருடச் சட்டம் தருகிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரவும் ஏற்பாடு உண்டு. ஆனால் ஒரு பயிற்றுநருக்கு நிறைய ஊர்கள். அவரோடு சண்டைக்குப் போகாமல், அவர் வரும் நாளில் நீங்களும் போய், அவர் சொல்லித்தந்ததை அடுத்த வாரம் வரை வீட்டில் தொடர்ந்து செய்தால் அவரும் மகிழ்வார். தலைமையாசிரியர் சேர்க்கத் தயங்கும்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூடப் போய் உட்கார்ந்தால் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. இது என் அனுபவம்.

வீட்டுக்குள் பெரியவர்களைச் சமாளிப்பது தனி வேலை. "அவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசுனான்", "வசம்ப நாக்குல தேய்ச்சா வந்துடும்", "எங்க வம்சத்துல இப்படிக் கிடையாது, இவ வழில வந்தது." கடைசியில் சொன்னது அம்மாவை உள்ளே அறுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு அம்மா பதில் சொன்னால் எடுபடாது. மாமியார் வயதை ஒத்த ஒருவர், திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை பாக்கோடு நிதானமாகச் சொன்னால் எடுபடும். அம்மா வளர்த்த விதத்தால் ஆட்டிசம் வருவதில்லை, தடுப்பூசியால் வருவதில்லை, டிவி பார்த்ததால் வருவதில்லை. பிறவியிலேயே மூளை வளரும் விதம் அப்படி. கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தால் போகட்டும், தடுக்காதீர்கள், கூட்டமில்லாத நாளாகப் பார்த்து அனுப்பிவையுங்கள். மொட்டை போடுவதை மட்டும் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.

குணப்படுத்துகிறேன் என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள்தான் உண்மையான ஆபத்து. எங்கள் ஊரில் ஒரு குடும்பம் வீட்டை அடமானம் வைத்து ஸ்டெம்செல் ஊசி போட்டு வந்தது. நாலு லட்சம் போனது, பிள்ளையிடம் ஒரு மாற்றமும் இல்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதற்கில்லை, விளம்பரம் செய்து கொடுப்பது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்தக் குடும்பத்திடம் இதை முன்பே சொல்ல ஆள் இல்லாமல் போனதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. பணம் கட்டும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கும் அளவுக்கு வீட்டாரோடு பழகிவிட்டீர்கள் என்றால், அதுவே ஆறு மாத உழைப்புக்குப் போதும்.

பேச்சு வராத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்கப் பழக்குவது பற்றி ஒரு வரி. படம் கொடுத்தால் பேச மாட்டான் என்று பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை, கேட்க ஒரு வழி கிடைத்ததும் கத்தல்தான் குறைகிறது. தண்ணீர் சொம்பு, தோசை, ஊஞ்சல், 'போதும்' என்று நாலு படம் எடுத்துப் பிரிண்ட் போட்டு ஒட்டினால் தொடங்கிவிடலாம். படத்தைத் தொட்டால் அதைக் குரலில் சொல்லும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியும் இருக்கிறது. உங்கள் கல்லூரி மாணவர் இதை இரண்டு நாளில் கற்றுக்கொள்வார்.

கல்லூரி மாணவருக்கு அதைவிட நல்ல வேலை ஒன்று உண்டு: அந்த வீட்டு அக்காவோ அண்ணனோ. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் உடன்பிறந்த பிள்ளைகள் சீக்கிரமே பெரியமனிதர்கள் ஆகிவிடுகிறார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு யாரும் வராமல் போனதைச் சொல்லாமல் வைத்திருப்பார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்க, கணக்குச் சொல்லிக்கொடுக்க, அவள் ஆடும் நாடகத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அப்பாக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடை. கூட்டம் என்று பெயர் வைத்தால் வர மாட்டார்கள். டீ குடிக்கலாம் வாங்க என்றால் வருவார்கள், மூன்றாவது ஞாயிறு வாய் திறப்பார்கள்.

வளர்ந்த பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். சின்னப் பிள்ளை என்றால் உதவ எல்லாருக்கும் மனம் வரும். மீசை முளைத்த பையன் பஸ்ஸில் குதித்தால் எல்லாரும் ஒதுங்குவார்கள். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் அம்மாவின் பயம் இன்னும் கூடிவிடும். உங்கள் ஐந்து வீட்டில் பதினைந்து வயதுக்கு மேல் யாராவது இருந்தால் அந்த வீட்டில் தொடங்குங்கள் என்பேன். 18 வயது ஆனதும் சட்டப்படி பெற்றோரே பாதுகாவலர் என்பது தானாகத் தொடராது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு மனுச் செய்ய வேண்டும். வங்கிக் கணக்குக்கும் சொத்துக்கும் பிறகு அது கேட்கப்படும். எனக்கப்புறம் இவனுக்கு யார் என்பதை அம்மாக்கள் எந்நேரமும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொல்ல ஆரம்பித்தால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள்.

ஆறு பேர் ஐந்து வீட்டையும் உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் வீடு பழகிய பிறகு இன்னொன்று. மொத்தம் இரண்டு வீடு, வீட்டுக்கு மூன்று பேர். ஒருவர் வாராவாரம் போகிறவர், ஒருவர் மாற்று (முதல் மூன்று மாதம் இவரும் கூடப் போகட்டும்), ஒருவர் பேப்பர் வேலைக்கும் போனுக்கும். மாற்று ஆளையும் பிள்ளைக்கு முன்பே பழக்கிவையுங்கள். வர முடியாத வாரம் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அந்தக் குடும்பங்களை உறவினர்கள் ஏற்கெனவே அப்படித்தான் விட்டுப் போயிருக்கிறார்கள். உங்களால் தொடர முடியவில்லை என்றால் நேரில் போய், அடுத்து வருகிறவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

முதல் நாள் போகும்போது பிஸ்கட் பாக்கெட், பழம் என்று வாங்கிப் போவது நம் வழக்கம். சில பிள்ளைகள் ஒரே நிறச் சாப்பாடுதான் சாப்பிடுவார்கள், புது வாசனை வந்தாலே உள்ளே போய்விடுவார்கள். என்ன வாங்கி வரட்டும் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் அம்மாவுக்கு ஒரு முழம் பூ வாங்கிப் போங்கள்.